கொடுத்தவர் அடுத்த ஆண்டும் கொடுக்க: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரச் சங்கங்களின் அனுபவப் பகிர்வு

கல்வி நிதிக் குழுச் செயலாளர்:

வணக்கம். கல்வி நிதியோ, முதியோர் இல்லமோ, பள்ளி வாரியமோ, ஆண்டுக் கூட்டத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "போன வருஷம் கொடுத்தவங்க இந்த வருஷம் எங்கே?" புது ஆளைத் தேடுவது பற்றி நிறைய பேசிவிட்டோம். வந்தவர் விட்டுப்போகாமல் இருக்க என்ன செய்கிறோம் என்பதை இங்கே எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். இன்னொரு குழு எடுத்துச் செய்யும்படி செய்முறையாக எழுதுங்கள்.

நான் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். போன ஆண்டுப் பட்டியலை எடுத்து, அதில் இருப்பவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் கொடுத்தார்கள் என்று எண்ணுங்கள். 240 பேரில் 96 பேர் என்றால் 40 விழுக்காடு. இந்த ஆண்டு புதிதாக வந்தவர்களை அதில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் மொத்தம் நன்றாகத் தெரியும், ஒழுகும் இடம் தெரியாது. முதல்முறை கொடுத்தவர்களைத் தனியாகவும் எண்ணுங்கள். அமெரிக்காவில் அறநிறுவனங்களின் கணக்குகளைத் தொகுத்துப் பார்க்கும்போது, முதல்முறை கொடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் மறு ஆண்டு திரும்புகிறார். கொடுப்பதை நிறுத்தியவர்களை ஆராய்ந்த பிரிட்டன் பேராசிரியர் அட்ரியன் சார்ஜென்ட்டுக்குக் கிடைத்த காரணங்களில் கைச்சுருக்கம் ஒன்று. "யாரும் நினைவுபடுத்தவில்லை" என்பதும், "அவர்களுக்குக் கொடுத்ததாகவே ஞாபகம் இல்லை" என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தன. கடைசி இரண்டும் நம் கையில் இருப்பவை.

பள்ளி வாரியப் பொருளாளர்:

மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு எழுதினார் என்ற நோட்டு முப்பது வருடம் ஆனாலும் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கும். நன்கொடைக்கும் அப்படி ஒன்று வேண்டும். எக்செல் தாளில் பத்து கட்டம் போதும்: பெயர், கைப்பேசி எண், தொகை, தேதி, எதற்காகக் கொடுத்தார், எந்த வழியில் கொடுத்தார், ரசீது எண், எந்தத் தோட்டத்துக் குடும்பம், யார் மூலம் வந்தார், பெயரை வெளியே சொல்லலாமா.

தோட்டத்துப் பெயரை விட்டுவிடாதீர்கள். தோட்டத்தை விட்டுப் போன குடும்பங்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று பரவிக் கிடக்கின்றன. எல்பில், டோவன்பி, ஹீவுட் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அங்கிருந்தே பேச்சு தொடங்கிவிடும். கடைசிக் கட்டமும் அதே அளவு முக்கியம். வீட்டில் சொல்லாமல் கொடுப்பவர்கள் உண்டு. கடன் கேட்டு வருவார்களே என்று பயப்படுபவர்களும் உண்டு. அவர்கள் பெயரைப் பலகையில் ஏற்றினால் அடுத்த ஆண்டு அந்தக் கதவு திறக்காது.

ரசீதுப் புத்தகம் வரிசை எண்ணோடு மூன்று பிரதியாக இருக்கட்டும்: ஒன்று கொடுத்தவருக்கு, ஒன்று கோப்புக்கு, ஒன்று புத்தகத்திலேயே. புத்தகத்தை வாங்கிப் போகும் செயலவை உறுப்பினர் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். வசூலான ரொக்கம் மூன்று நாளுக்குள் வங்கிக்குப் போக வேண்டும், அதிலிருந்து எடுத்துச் செலவு செய்யக் கூடாது. பிழையாக எழுதிய ரசீதைக் கிழிக்காமல், மூன்று பிரதியிலும் "ரத்து" என்று எழுதிப் புத்தகத்தோடு வையுங்கள். ஓர் எண் காணாமல் போனால் கணக்காய்வில் கேள்வி வரும். அதற்கு முன்பே சாப்பாட்டுக் கடையில் பேச்சு வந்துவிடும்.

இளைஞர் மன்ற உறுப்பினர்:

அண்ணே, கைப்பேசியில் ஸ்கேன் செய்து வங்கிவழி அனுப்பும் டூயிட்நவ் கியூஆரில் வரும் பணம் யாருடையது என்றே தெரிவதில்லை. வங்கிப் பட்டியலில் பாதிப் பெயர்தான் இருக்கிறது. ரசீது போகாமலே விட்டுப்போகிறது. என்ன செய்வது?

பள்ளி வாரியப் பொருளாளர்:

தம்பி, முதலில் கியூஆர் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்கேன் செய்ததும் சங்கத்தின் பெயர் வர வேண்டும். பொருளாளரின் சொந்தப் பெயர் வந்தால் பாதிப் பேர் அங்கேயே கையை எடுத்துவிடுவார்கள், அது நியாயமும்கூட. அடுத்து, சுவரொட்டியில் கியூஆருக்குக் கீழேயே பெரிய எழுத்தில் இரண்டு வரி போடுங்கள்: "குறிப்பில் உங்கள் கைப்பேசியின் கடைசி நான்கு எண்ணை எழுதவும். பணம் அனுப்பிய சீட்டை இந்தப் புலன (வாட்ஸ்அப்) எண்ணுக்கு அனுப்பவும்." அந்த எண் சங்கத்தின் சிம் கார்டாக இருக்க வேண்டும். செயலாளரின் சொந்த எண்ணாக இருந்தால், பொறுப்பு மாறும் நாளில் கொடுத்தவர்கள் எல்லாரும் அவரோடு போய்விடுவார்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பேர் உட்கார்ந்து வங்கிப் பட்டியலையும் புலனத்தில் வந்த சீட்டுகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மாதம் தள்ளிப் போட்டால் பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. ஆள் தெரியாத தொகைகளைத் தேதியும் தொகையும் மட்டும் போட்டுக் குழுவில் அறிவித்தால் சிலர் தாங்களாகவே சொல்வார்கள்.

கல்வி நிதிக் குழுச் செயலாளர்:

நன்றி சொல்வதில் காலம்தான் முதல் விஷயம். முதல்முறை கொடுத்தவருக்கு இரண்டு நாளுக்குள் ஒரு குரல் போக வேண்டும். ரசீது வேறு, நன்றி வேறு. இரண்டையும் ஒரே செய்தியில் அடைத்தால் அலுவலகக் கடிதம் போல இருக்கும். பணம் கேட்டவரே நன்றி சொல்லவும் வேண்டாம். டியூஷன் எடுக்கும் ஆசிரியையோ ஒரு மாணவரின் தாயோ பேசட்டும். இரவு ஏழு மணியிலிருந்து எட்டரைக்குள் அழையுங்கள். பால்வெட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் விடியுமுன் கிளம்புபவர்கள் சீக்கிரம் படுத்துவிடுவார்கள். அந்த அழைப்பில் இன்னொரு உதவி கேட்கவே கூடாது. "அடுத்த மாசமும் முடிஞ்சா..." என்று வாய் வரை வரும், அதை விழுங்கிவிடுங்கள்.

மூன்றாம் மாதம் இரண்டாவது செய்தி: பணம் என்ன ஆயிற்று என்பது. "உங்கள் 50 வெள்ளியில் (ரிங்கிட்) ஒரு மாணவருக்கு எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) கணிதப் பயிற்சி நூல்களும் ஒரு மாத வேன் கட்டணத்தில் ஒரு பகுதியும்" என்று பொருளாகச் சொல்ல வேண்டும். "உங்கள் ஆதரவால் சமுதாயம் உயர்கிறது" என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. திட்டம் தாமதமானால் அதையும் எழுதுங்கள். கொடுத்தவர் தாமதத்தைப் பொறுப்பார். மற்றவர் வாயால் அதைக் கேட்பதைத்தான் பொறுக்க மாட்டார். மறுபடி ஒருமுறை பணம் கேட்பதற்கு முன், எதுவும் கேட்காத செய்தி குறைந்தது மூன்று போயிருக்க வேண்டும்.

மாதம் 10 வெள்ளி கொடுக்க ஒப்புக்கொள்பவரை, மாதாமாதம் தானாகப் பணம் போகும் வங்கி ஸ்டேண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு மாற்றிவிடுங்கள். தேதிதான் இதில் கவனிக்க வேண்டியது. வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளம் மறு மாதம் 7ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். ஆகவே பிடித்தம் 8லிருந்து 10க்குள் இருக்கட்டும். 25ஆம் தேதி வைத்தால் கணக்கில் பணமிருக்காது. ஒரு மாதம் தவறினால் பேசாமல் இருங்கள். இரண்டாவது மாதமும் தவறினால், "தேதியை மாற்றிக்கொள்ளலாமா?" என்று மட்டும் கேளுங்கள். பலர் 12 மாதத்துக்குத்தான் பதிவார்கள், முடியும் தேதி அவர்களுக்கே நினைவிருக்காது. அதை நோட்டில் குறித்து ஒரு மாதம் முன்னால் அழையுங்கள். தொகையை 15 வெள்ளியாக்கக் கேட்பதானால் அப்போது கேளுங்கள். தீபாவளிச் செலவுக்கு முன் வேண்டாம்.

முதியோர் இல்லச் செயலாளர்:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லத்துக்கு ஆண்டு தவறாமல் வருபவர்கள் பெரும்பாலும் நினைவு நாளுக்கு வருபவர்கள். "அப்பா நினைவாக மதியச் சாப்பாடு" என்று ஒருமுறை கொடுத்தவரிடம் தேதியா திதியா என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். தேதி என்றால் சுலபம். திதி என்றால் தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்ற மூன்றும் வேண்டும். சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் அந்த ஆண்டு முழுவதற்கும் ஆங்கிலத் தேதிகளைக் குறித்துவிடுங்கள். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தில் இருப்பது இந்திய நேரம். நம் நேரம் இரண்டரை மணி முன்னால். திதி முடியும் நேரத்தோடு இரண்டரை மணியைக் கூட்டிப் பார்க்காவிட்டால் சில நேரம் நாளே மாறிவிடும். ஐயத்துக்கு இடமிருந்தால் குடும்பத்துக் குருக்களிடம் கேட்டு உறுதி செய்யச் சொல்லுங்கள். மூன்று வாரம் முன்னால் அழைத்து, "ஐயாவோட திதி வருது, இந்த வருஷமும் இங்கேயே வச்சுக்கலாமா?" என்று கேட்டால் யாரும் அதைப் பணம் கேட்பதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மறக்காமல் நினைவு வைத்திருந்தார்களே என்றுதான் நினைப்பார்கள்.

ஒரு வேளைச் சாப்பாட்டுக் கணக்கை வெளிப்படையாகச் சொல்லுங்கள்: 40 பேருக்கு, தலைக்கு 8 வெள்ளி என்றால் 320. தீபாவளி வாரத்தில் எல்லாரும் பிரியாணி கொண்டுவருவார்கள். வீணாகிப் போவதைக் கண்ணால் பார்த்தவர் அடுத்த ஆண்டு வர மாட்டார். "அந்த வாரம் நிரம்பிவிட்டது, கார்த்திகையில் இன்னின்ன நாள் காலி" என்று சொல்லப் பழகுங்கள். இல்லையென்றால் பெரியவர்களுக்கான பெம்பர்ஸ், பால்மாவு என்று தேவையைச் சொல்லுங்கள்.

கணக்காய்வாளர், ஈப்போ:

வரி விலக்கு பற்றித் தவறாகச் சொல்லிவிட்டு ஆட்களை இழக்கும் சங்கங்கள் உண்டு. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குத் தரும் பணத்துக்குத்தான் கழிவு உண்டு. சங்கப் பதிவிலாகாவில் பதிந்திருப்பது மட்டும் போதாது. கழிவுக்கு உச்சவரம்பு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு. ரசீதில் அங்கீகார எண் இருக்க வேண்டும். அரிசி மூட்டை, மேசை நாற்காலிக்கு நன்றிக் கடிதம் கொடுங்கள்; வரி ரசீது எழுதாதீர்கள். தனிநபருக்கு டிசம்பர் 31க்குள் வந்த பணம்தான் அந்த ஆண்டுக் கணக்கில் சேரும், ஆகவே டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நினைவூட்டல் போடலாம். பிப்ரவரியில், கேட்காமலே, முந்தைய ஆண்டு அவர் கொடுத்த மொத்தத்தை ஒரே தாளில் அனுப்புங்கள். வரி ஆவணங்களை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டியவருக்கு அது பெரிய உதவி.

ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும். அதே வாரத்தில் வரவு, செலவு, இருப்பு மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பலகையிலும் மளிகைக் கடையிலும் ஒட்டுங்கள். பள்ளி வேனுக்கு என்று வாங்கிய பணம் மண்டபக் கூரைக்குப் போகக் கூடாது. மீந்தால், கொடுத்தவர்களையே கேட்டு மாற்றுங்கள்.

கல்வி நிதிக் குழுச் செயலாளர்:

படங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். பிள்ளை கையில் புத்தகப் பையைக் கொடுத்துப் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். சின்ன ஊர் இது. மறுநாள் பள்ளியில் அந்தப் பிள்ளையின் நிலை என்ன? பைகளை மட்டும் எடுங்கள், வகுப்பறையைப் பின்னாலிருந்து எடுங்கள். பெற்றோர் எழுத்தில் சம்மதித்தாலும் முகம் வேண்டாம் என்பது என் கருத்து.

அதேபோல், பெரிய காசோலை அட்டையோடு பிரமுகர் நிற்கும் படம் மட்டும் வந்தால், 20 வெள்ளி கொடுத்தவர் தன் பணம் தேவையில்லை என்று எண்ணிவிடுவார். பெயர்களை அகர வரிசையில், தொகை இல்லாமல் போடுங்கள். கொடுத்தவர் எண்ணிக்கையை முதலில் வாசியுங்கள். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தொடங்கிய "தமிழ் எங்கள் உயிர்" நிதி ஆளுக்கு ஒரு வெள்ளி என்று திரண்டது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த நம் ஊர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும் தொழிலாளர்களின் சிறு பங்குப் பணத்தில் எழுந்ததுதான். சிறு தொகைக்கு இந்த மண்ணில் மரியாதை உண்டு. அதை நாம் குறைக்க வேண்டாம்.

இளைஞர் மன்ற உறுப்பினர்:

இரண்டு வருடமாக விட்டுப்போனவரை எப்படி அழைப்பது, அக்கா?

கல்வி நிதிக் குழுச் செயலாளர்:

"ஏன் கொடுக்கலை?" என்ற தொனி எங்கும் வரக் கூடாது, தம்பி. நோட்டைப் பார்த்து, "2022ல நீங்க கொடுத்தது வேன் கட்டணத்துக்குப் போச்சு, அந்தப் பிள்ளைங்க பரீட்சை எழுதி முடிச்சிட்டாங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்று தொடங்குங்கள். பிறகு நிறுத்தி, அவரைப் பேச விடுங்கள். வேலை போயிருக்கலாம், வீட்டில் நோயாளி இருக்கலாம், நம் ரசீது வராத வருத்தமாகவும் இருக்கலாம். ரசீது என்றால் மன்னிப்புக் கேட்டு அன்று இரவே அனுப்புங்கள். கஷ்டம் என்றால், "கணக்குத் தாளை மட்டும் அனுப்பிக்கிட்டு இருக்கலாமா?" என்று கேட்டு, சரி என்றால் நோட்டில் "தாள் மட்டும்" என்று எழுதிவிடுங்கள். வேண்டாம் என்றால் எண்ணை அழைப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, தேதியையும் காரணத்தையும் எழுதி வையுங்கள். அடுத்த செயலவை தெரியாமல் மறுபடி அழைத்துவிடக் கூடாது.