மார்ட்டி ராபின்ஸ் நினைவு நாள்: 'எல் பாசோ'வைக் குறைக்காமல் பாட என்ன செய்யணும்?

மேற்குக்காற்று:
டிசம்பர் 8 அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் மார்ட்டி ராபின்ஸ் மறைந்த நாள் (1982). அன்னைக்கு ரசிகர்கள் சிலர் சேர்ந்து அவர் பாட்டுகளை மட்டுமே பாடப் போறோம். ரெண்டு அக்கூஸ்டிக் கிட்டார், மூணு குரல், டிரம்ஸ் கிடையாது. 'எல் பாசோ' இல்லாம அவரை நினைக்க முடியாது. டெக்சஸின் எல் பாசோ ஊர்ல ஒரு பெண்ணைக் காதலிக்கிறவன், அவளோட நெருங்கின ஒரு முரட்டு இளைஞனைச் சுட்டுட்டு ஓடி, அவளுக்காகவே திரும்பி வர்ற கதை அது. ஆனா பாட்டு நாலரை நிமிஷத்தைத் தாண்டுது, ஒரு சரணத்தை விட்டுடலாமான்னு பேச்சு வருது. விடலாமா? எந்தச் சுருதி வைக்கணும்? பதிவுல கிட்டார் கலைஞர் கிரேடி மார்ட்டின் பாட்டு முழுக்க வாசிச்ச அந்த ஸ்பானிஷ் பாணி இடைவாசிப்பை நடுத்தரமா வாசிக்கத் தெரிஞ்சவர் எப்படிக் கொண்டு வர்றது? கூடவே வேற எந்தப் பாட்டெல்லாம் வைக்கலாம்னும் சொல்லுங்க.

ஆறுகம்பி:
முதல்ல சுருதியை முடிவு பண்ணுங்க. பதிவு டி மேஜர். சரணத்துக்கு டி, ஈ மைனர், ஏ7, இந்த மூணு கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) போதும். அந்த முரட்டு இளைஞன் மதுக்கடைக்குள்ள நுழையற இடத்துல ஜிக்குத் தாவும். அதுக்கு முன்னாடி வர்ற டியை டி7 ஆக்கிக்கிட்டா தாவல் தானா வந்து விழும். திரும்பறது ஏ7 வழியா. முதல் வரியைப் பாடிப் பார்த்துச் சுருதி வைக்கிறவங்க மாட்டிக்கிறது இந்த ஜி பகுதியிலதான், மெட்டு அங்க மேலே ஏறுது. அதனால முதல்ல அந்த வரியைப் பாடிப் பாருங்க. தொண்டை இறுகினா ஆறு கம்பியையும் ரெண்டு அரைச்சுரம் இறக்கிக் கட்டுங்க (தடித்த கம்பியிலிருந்து டி, ஜி, சி, எஃப், ஏ, டி). டி வடிவத்தையே பிடிச்சாலும் ஒலிக்கிறது சி. நேரா சி கார்டு பிடிக்கலாமேன்னு தோணும், ஆனா அப்போ கீழே நான் சொல்ற இடங்கள் எதுவும் பொருந்தாது. இறக்கின கம்பி தளர்ந்திருக்கும், ஓங்கி அடிச்சா ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தோட குறுக்குக் கட்டையில்) பட்டு இரையும். கம்பி 11 கேஜ்னா (கேஜ்ங்கறது கம்பியோட தடிமன்) 12க்கு மாத்திட்டு இறக்குங்க. சுருதி ஏத்தணும்னா 2ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தற கவ்வி) போட்டு, கேப்போவிலிருந்து ஃப்ரெட் எண்ணணும்.

தாளம் 3/4. முதல் எண்ணிக்கைக்கு பாஸ் கம்பி மட்டும், அடுத்த ரெண்டுக்கும் மேல் மூணு கம்பியை லேசா. டிக்கு 4ஆம் கம்பி (மெல்லிய கம்பி 1, தடித்தது 6), அடுத்த பார்ல, அதாவது அடுத்த மூணு எண்ணிக்கையில, 5ஆம் கம்பி. ஈ மைனருக்கு 6, பிறகு 5இன் 2ஆம் ஃப்ரெட். ஏ7க்கு 5, பிறகு 6. மூணு எண்ணிக்கையையும் ஒரே பலத்துல அடிச்சா வால்ட்ஸ் போயிடும், ராணுவ நடை மாதிரி கேக்கும்.

இனி இடைவாசிப்பு. அதை நோட்டுக்கு நோட்டு நகல் எடுக்க முயற்சி பண்ணாதீங்க. கிரேடி மார்ட்டின் ஒரு சரணத்துக்கு வாசிச்சதை அடுத்த சரணத்துக்கு வாசிக்கிறதே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் பாடகருக்குத் தனியா பதில் சொல்லுவார், அதுதான் அந்தப் பதிவோட அழகு. அந்த ஸ்பானிஷ் வாடையைக் கொண்டுவர எளிய வழி, 1ஆம் கம்பியையும் 3ஆம் கம்பியையும் ஜோடியா மீட்டறது. டி மேஜருக்கு ஜோடிகள் இது (முதல்ல 3ஆம் கம்பி ஃப்ரெட், அடுத்து 1ஆம் கம்பி): 11-10, 9-9, 7-7, 6-5, 4-3, 2-2. மேலிருந்து இறங்கினா அப்படியே ஒரு வரி கிடைக்கும். டி ஒலிக்கும்போது 11-10 அல்லது 2-2இல் நில்லுங்க. ஈ மைனருக்கு 4-3, ஏ7க்கு 9-9 அல்லது 6-5. நடுவுல இருக்கற 2ஆம் கம்பி ஒலிச்சா எல்லாமே கலங்கிடும். 3ஆம் கம்பியை அழுத்தற விரலைக் கொஞ்சம் படுக்க வெச்சு அதைத் தொட்டு அடக்கணும். வலக்கையில பிக்கோட (மீட்டற சில்லோட) நடுவிரலையும் சேர்த்துக் கிள்ளினா இன்னும் சுத்தம்.

குரல் மூச்சு விடற இடத்துல மட்டும் வாசிங்க. சொல்லுக்கு மேல வாசிச்சா கதை காதுல விழாது.

நைலான்கம்பி:
ஆறுகம்பி சொன்ன ஜோடிகள் சரி. ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். ரெண்டு கிட்டார்ல ஒண்ணு நைலான் கம்பியா இருக்கட்டும், இடைவாசிப்பு அதுல. ரெண்டுமே ஸ்டீலா இருந்தா ஒரே அலைவரிசையில மோதி, ஜோடி எது, கார்டு எதுன்னு பிரியாது. நைலான் கிடைக்கலைன்னா வாசிக்கிறவர் பிக்கை ஒதுக்கிட்டு, ஒலித்துளைக்கு மேல, கழுத்துப் பக்கமா விரல் சதையால மீட்டட்டும். கார்டு பிடிக்கிறவர் பாலத்துப் பக்கமா தள்ளி அடிக்கட்டும்.

மூன்றாம்குரல்:
சரணத்தை விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1959இல் பாட்டை வெளியிட்ட கொலம்பியா நிறுவனத்துக்கும் இதே நீளப் பயம் இருந்தது. வானொலிக்கென்று ஒரு சரணத்தை வெட்டிக் குறுகிய வடிவமும் செய்தார்கள். வானொலிக்காரர்கள் முழு நீளத்தையே விரும்பிப் போட்டார்கள். அது 1960 ஜனவரியில் கன்ட்ரி, பாப் இரண்டு பட்டியலிலும் முதலிடத்தில் இருந்தது, மறு ஆண்டு கிராமியும் வாங்கியது. வெட்டப்பட்டது எது தெரியுமா? சுட்டுக் கொன்றவன் தன் செயலை நினைத்து உறைந்து நிற்கும் இடம். அதை எடுத்துவிட்டால், கொன்றான், ஓடினான் என்று ஆகிவிடுகிறது. பிறகு அவன் உயிரைப் பணயம் வைத்துத் திரும்பி வருவதை யார் நம்புவார்கள்?

இந்தப் பாட்டில் பல்லவி இல்லை. கேட்பவர் பிடித்துக்கொள்ளக் கதை மட்டும்தான் உண்டு. முன்பாதி நடந்து முடிந்ததாகச் சொல்லப்படுகிறது. எல் பாசோவுக்குத் திரும்ப முடிவெடுத்ததும் எல்லாம் கண்ணெதிரே நடப்பதாக மாறிவிடுகிறது. பாடுபவர் இந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அதுவரை அமைதியாகச் சொல்லிவந்த குரலில் இங்கே அவசரம் ஏறலாம், வேகம் ஏறக் கூடாது. குதிரைச் சவாரி வரிகளில் எல்லாருமே முந்துவார்கள். சொற்கள் நெருக்கமாக இருப்பதால் மூச்சு தீர்ந்து, அதைச் சமாளிக்கத்தான் ஓடுகிறார்கள். மூச்சு எங்கே என்று தாளிலேயே கோடு போட்டுக்கொள்ளுங்கள். மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவியை) 120இல் வைத்து முழுப் பாட்டையும் நிறுத்தாமல் பாடிப் பழகிய பிறகு பதிவின் வேகத்துக்குப் போங்கள்.

பதிவில் துணைக்குரல் பாபி சைக்ஸ், ஜிம் கிளேசர் இருவருடையது. நீங்களும் மூன்று பேர்தான், அதே அமைப்பு பொருந்தும். மேல்குரலுக்கு எளிய வழி: டி கார்டில் மெட்டு டியில் இருந்தால் எஃப் ஷார்ப், எஃப் ஷார்ப்பில் இருந்தால் ஏ. மெட்டு ஏக்கு வரும்போது மேலே உள்ள டியைப் பிடியுங்கள். கணக்குப்படி மூன்றாம் சுரம் என்று சி ஷார்ப் பாடினால் கார்டோடு உரசும். இருவரும் மெட்டைவிடத் தணிந்தே பாட வேண்டும். சொல்லின் கடைசி மெய்யை மூவரும் ஒரே கணத்தில் முடிக்கவில்லை என்றால், எவ்வளவு சுருதி சேர்ந்தாலும் அரைகுறையாகவே கேட்கும்.

ஆறுகம்பி:
@மூன்றாம்குரல், ரொம்பச் சரி. நானும் முழுப் பாட்டு பக்கம்தான்.

பழையதட்டு:
பாட்டு வரிசைக்கு 1959இல் வந்த 'கன்ஃபைட்டர் பேலட்ஸ் அண்ட் ட்ரெயில் சாங்ஸ்' ஆல்பத்தையே அடிப்படையா வெச்சுக்கோங்க. ஏப்ரல் 7 அன்னைக்கு ஒரே நாள்ல பதிவானது, பன்னிரண்டு பாட்டு. 'பிக் அயர்ன்', 'எல் பாசோ', 'தி மாஸ்டர்ஸ் கால்', 'இன் தி வேலி' நாலும் அவரே எழுதினவை. முதல்ல 'பிக் அயர்ன்' வைங்க. 2010இல் ஒரு வீடியோ கேம்ல வந்ததால இளையவங்களுக்கும் தெரியும், சேர்ந்து பாடுவாங்க. அடுத்து 'கூல் வாட்டர்'. அது சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ் குழுவின் பாப் நோலன் எழுதினது, மூணு குரலுக்குன்னே அமைஞ்ச பாட்டு.

1966இல் வந்த 'ஃபெலீனா' அதே கதையை அந்தப் பெண்ணோட பக்கமிருந்து சொல்லுது. எட்டு நிமிஷத்துக்கு மேல ஓடும், 'எல் பாசோ' பாடற அதே நாள்ல வேண்டாம். அதுக்குப் பதிலா 1976இன் 'எல் பாசோ சிட்டி'. விமானத்துல அந்த ஊருக்கு மேல பறக்கிறவன் பழைய பாட்டை நினைக்கிற மாதிரி எழுதியிருக்கார். பழசைக் கேட்ட காதுக்கு இது அடுத்து வந்தாத்தான் புரியும், முன்னாடி வெச்சா வீண். 1961இன் 'டோன்ட் வொரி' அருமையான பாட்டு, ஆனா அதோட அடையாளமே கிரேடி மார்ட்டினோட பேஸ் கிட்டார் பழுதான சேனல் வழியாப் போய் உறுமின ஒலிதான். ரெண்டு அக்கூஸ்டிக்ல அது வராது, விட்டுடுங்க.

அறிமுகம் பேசறவருக்கு ஒரு குறிப்பு. பாட்டை வெச்சு அவரை டெக்சஸ்காரர்னு சொல்லிடுவாங்க. பிறந்தது அரிசோனாவின் கிளெண்டேல், 1925 செப்டம்பர் 26. கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 1982 அக்டோபர்ல, இறப்புக்கு ரெண்டு மாசம் முன்னாடி. நாஸ்கார் பந்தயத்துல அவர் கார் ஓட்டினதையும் சொல்லணும். 1974இல் சார்லட்ல சக ஓட்டுநர் ரிச்சர்ட் சில்ட்ரெஸோட கார் குறுக்கே நின்னப்போ, அதுல மோதாம தன் காரைச் சுவர்ல விட்டுக் காயம்பட்டார். அவர் எப்பேர்ப்பட்ட மனுஷர்னு காட்ட இந்த ஒண்ணே போதும்.

மேற்குக்காற்று:
எல்லாருக்கும் நன்றி. முழுசாவே பாடறோம். எங்க முதல் குரலுக்கு டி உயரம், அதனால இறக்கிக் கட்டணும். மத்த பாட்டுக்கு மறுபடி ஏத்தணுமே, நடுவுல நேரம் போகாதா?

ஆறுகம்பி:
மறுபடி ஏத்தவே வேண்டாம். கிட்டார் ரெண்டையும் முந்தின நாளே இறக்கி வெச்சுடுங்க, கம்பி அந்த இழுப்புக்குப் பழகிக்கும். சாதாரணச் சுருதியில பாடற பாட்டுக்கு 2ஆம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டினா போதும், பழைய ஒலி வந்துடும். மாட்டினதும் 3ஆம் கம்பியை ஒரு தடவை சரிபாருங்க, பெரும்பாலும் அதுதான் கொஞ்சம் ஏறி நிக்கும்.