செரிகிராஃப்: ‘பட்டோவியம்’ வேண்டாமே

> செரி என்றால் பட்டு, கிராஃப் என்றால் வரைவு. ஆகவே ‘பட்டோவியம்’. ‘திரையோவியம்’ என்றும் சொல்லலாம்.

ஐயா, வணக்கம். பட்டுத்திரை வழியே சாயத்தை இழுத்து அச்சிடும் கலைப்படைப்பான செரிகிராஃபுக்கு நீங்கள் தந்த தமிழ்ச் சொற்கள், பிரித்துப் பார்த்தால் சரிதான். ஆனால் பட்டோவியம் என்றதும் பட்டுத்துணிமேல் தீட்டிய படம் என்றுதான் எண்ணத் தோன்றும். இங்கே பட்டு சட்டத்தோடு நின்றுவிடுகிறது. படம் விழுவது தாளிலோ அட்டையிலோ. திரையோவியம் இன்னும் சிக்கல்: அதைச் சினிமாக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

சொல் பிறந்த சூழலைப் பாருங்கள். அமெரிக்கப் பெருமந்தத்தில் வேலையற்ற ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுக்க 1935இல் கூட்டரசின் கலைத் திட்டம் தொடங்கியது. நியூயார்க் சுவரொட்டிப் பிரிவில் முதலில் ஒவ்வொன்றையும் கையால் தீட்டினார்கள். விளம்பர அச்சகங்களில் புழங்கிய பட்டுத்திரை முறையை அங்கே கொண்டுவந்தவர் ஓவியர் ஆன்டனி வெலோனிஸ். கண்காட்சி, நாடகம், பொதுச் சுகாதாரம் என்று 1943 வரை நாடெங்கும் சுமார் 35,000 வடிவமைப்புகள், 20 லட்சம் படிகள். இன்று கைக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 2,000.

1938இல் அதே முறையில் ஓவியர்கள் சொந்தப் படைப்புகளை அச்சிடத் தனிப்பிரிவு வந்தது. கடைவிளம்பர வாடை ஒட்டக்கூடாதென்று அந்தப் படைப்புகளுக்கு வைத்த பெயர்தான் செரிகிராஃப். அச்சோவிய வல்லுநர் கார்ல் சிக்ரோசர் அந்தப் பெயரைப் பரப்பினார். கருவி ஒன்று, நோக்கம் வேறு. எனவே முறைக்குக் ‘கல்லச்சு’ (லித்தோகிராஃபி) போலத் ‘திரையச்சு’. செரிகிராஃபுக்குக் ‘கலைத் திரையச்சு’. நைலான், பாலியெஸ்டர் வலை வந்த பிறகும் இந்தப் பெயர் பொய்யாகாது.

> ஸ்குவீஜி, ஸ்டென்சில், ரிஜிஸ்ட்ரேஷன்? இவற்றுக்குத் தமிழில்?

செய்முறையோடு சேர்த்துச் சொல்கிறேன். மரச்சட்டத்தில் பட்டுத்துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, அச்சாக வேண்டிய இடத்தில் கொழுப்பு மையால் வரைவார்கள். மேலே பசை பூசிக் காயவிட்டு, மண்ணெண்ணெயால் துடைத்தால் மை கரைந்து அந்த இடம் திறக்கும். மற்ற இடத்தைப் பசை அடைத்திருக்கும். இதுதான் ஸ்டென்சில், ‘மறைப்பு’ எனலாம். பசை நீர்த்திருந்தால் ஊசித்துளைகள் விழுந்து வெள்ளைப் பரப்பில் புள்ளி புள்ளியாக நிறம் கசியும். எண்ணெய்ச் சாயத்தைச் சட்டத்தின் ஓரத்தில் ஊற்றி ஸ்குவீஜி என்ற ரப்பர் பட்டையைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ஆட்டுக்கல்லில் மாவை வழிப்பதுபோல் என்பதால் ‘வழிப்பான்’. நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் சாயம் தடித்துக் கோடு தெரியும்.

ஒரு நிறத்துக்கு ஒரு மறைப்பு. அடிப்பலகையில் நீளப்பக்கம் இரண்டு, குறுக்குப்பக்கம் ஒன்று என மூன்று தடுப்புகள். தாள் ஒவ்வொரு நிறத்துக்கும் அதே மூன்றில் முட்ட வேண்டும். திரை தொய்ந்தாலோ, ஈரக்காற்றில் தாள் விரிந்தாலோ நிறங்களுக்கிடையில் வெள்ளை இடுக்கு விழும். ஆகவே ரிஜிஸ்ட்ரேஷனுக்கு ‘வண்ணப் பொருத்தம்’. அந்தச் சுவரொட்டிகளில் தட்டையான சில நிறங்களே இருப்பதற்கும் இந்த உழைப்புக் கணக்கு முக்கியக் காரணம். அழகியல் என்று மட்டும் எழுதுகிறவர்கள் ஒருமுறை வழிப்பானைப் பிடித்துப் பார்க்கட்டும்!

---

> ஒரு நிறத்துக்கு ஒரு மறைப்பு.

வழிப்பானை ஏற்கிறேன், ஐயா. பட்டறையில் ஸ்குவீஜி என்றுதான் கேட்பார்கள், அகராதியில் இரண்டும் இருக்கட்டும். ‘மறைப்பு’ மட்டும் இடிக்கிறது: ஸ்டென்சிலில் திறந்த பகுதியும் சேர்த்திதானே? ‘வார்ப்புரு’ கணினிக்குப் போய்விட்டது. ‘அடைப்புரு’ என்றால்? சுவரொட்டி என்ற சொல்லை மாற்ற வேண்டாம். அவற்றில் பல அட்டையில் அச்சானவை, சுவரில் ஒட்டப்படாதவை என்றாலும் வாசகருக்குப் புரியும். பட்டியலில் ‘அட்டைமேல் திரையச்சு’ என்று குறித்தால் போதும்.