ஐயாவின் சாந்தி சிடியை டிவியில் ஓடவைத்தது: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

காரைக்குடியிலிருந்து

ஐயாவின் (தாத்தாவின்) அறுபதாம் சாந்தி 2001இல் நடந்தது. வீடியோக்காரர் ஐந்து விசிடி (வீடியோ சிடி) போட்டுக் கொடுத்தார். இருபது வருடத்துக்கு மேல் அவை இரண்டாங்கட்டு அலமாரியில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே கிடந்தன. ஐயா இப்போது இல்லை. போன தை மாதம் ஆயா (பாட்டி), "அந்த சிடியைப் போட்டுக் காட்டேன், ஒரு தடவை பாத்துக்கிறேன்" என்றார்கள். வீட்டில் சிடி பிளேயர் இல்லை. டிவியில் பென் டிரைவ் செருகத்தான் இடம் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் இன்னும் வேலை செய்ததால் துணிந்து இறங்கினேன்.

சிடிக்குள் டிஏடி என்று முடிகிற பெரிய ஃபைல் ஒன்று இருந்தது. அதை அப்படியே பென் டிரைவில் போட்டால் டிவி திறக்க மாட்டேன் என்றது. பெயரின் கடைசியில் இருக்கிற டிஏடியை எம்பிஜி என்று மாற்றச் சொன்னான் பக்கத்து வளவுத் தம்பி. கம்ப்யூட்டரில் ஓடியது, டிவியில் ஓடவில்லை. பெயரை மாற்றினால் உள்ளே படத்தைச் சுருக்கி வைத்திருக்கிற எம்பெக்-1 முறை மாறிவிடாதே. எங்கள் டிவிக்கு அந்தப் பழைய முறை தெரியாது.

அடுத்து இணையத்தில் தேடி இலவசம் என்று போட்டிருந்த, வீடியோவை வேறு முறைக்கு மாற்றுகிற ஒரு கன்வெர்ட்டரை இறக்கினேன். அது கூடவே கேட்காத நாலு புரோகிராமையும் கொண்டுவந்து சேர்த்தது. ஒரு மணி நேரம் ஓடி முடித்த பிறகு பார்த்தால், படத்தின் நடுவில் அந்த மென்பொருளின் பெயர் பெரிதாக நிற்கிறது. ஆயாவுக்கு ஐயா இரண்டாம் முறை திருப்பூட்டுகிற (தாலி கட்டுகிற) இடத்தில், சரியாக ஆயாவின் முகத்துக்கு மேல். பணம் கட்டினால் எடுப்பார்களாம். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் புரோகிராம்களை எல்லாம் நீக்க இன்னொரு நாள் ஆனது.

கடைசியில் கைகொடுத்தது ஹேண்ட்பிரேக். 2003இல் தொடங்கிய இலவச மென்பொருள், படத்தின் மேல் எதையும் எழுதாது. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். எம்பிஜி என்று பெயர் மாற்றிய ஃபைலைத் திறந்து, ஃபைல் வகைக்கு எம்பி4 என்று தேர்ந்து, வீடியோவைச் சுருக்கும் முறைக்கு எச்.264, தரத்துக்கு ஆர்எஃப் என்ற எண்ணை 20 வைத்தேன். எண் குறைந்தால் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். விசிடி படம் 352க்கு 288 புள்ளிதான் என்பதால் ஒவ்வொரு சிடியும் சீக்கிரமே முடிந்துவிட்டது. இதை 1080 ஆகப் பெரிதாக்க ஆசைப்படாதீர்கள். இல்லாத புள்ளி எங்கிருந்தும் வராது, ஃபைல்தான் வீங்கும்.

நாலு சிடி நன்றாக வந்தன. மூன்றாவது சிடியில்தான் வேதனை. கடைசி நாலு நிமிடம் காப்பி ஆகவில்லை, கீறல். சிடியில் பதிவு உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகும். நாம் கைபிடிக்கிற ஓரத்தில்தான் கடைசிக் காட்சி இருக்கிறது. விசிடியில் 74 நிமிடப் படத்தை அடைப்பதற்காக, சாதாரண டேட்டா சிடியில் இருக்கிற கூடுதல் பிழைதிருத்தத்தையும் விட்டிருக்கிறார்கள். அதனால் சின்னக் கீறலுக்கும் தடுமாறுகிறது. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தும் பார்த்தேன். அந்த நாலு நிமிடத்தில்தான் பிள்ளைகள் எல்லாரும் ஐயாவுக்கும் ஆயாவுக்கும் கும்பநீர் ஊற்றுகிறார்கள். யாராவது இதைத் தாண்டி வந்திருந்தால் சொல்லுங்கள்.

தேவகோட்டை

காரைக்குடி ஆச்சி, உங்கள் கஷ்டம் புரிகிறது. எனக்கு நடந்தது டிவிடியில். தங்கச்சி கல்யாணம், 2008, மூன்று டிவிடி. உள்ளே விஓபி என்று ஃபைல்கள், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள் துண்டாக இருக்கும். நான் ஒவ்வொரு துண்டாகக் கன்வெர்ட் செய்து ஒட்டினேன். ஒட்டிய இடத்தில் எல்லாம் நாகஸ்வரம் ஒரு கணம் அறுந்து அறுந்து வந்தது. வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டரையே ஹேண்ட்பிரேக்கில் திறந்தால், அது துண்டுகளைச் சேர்த்து ஒரே படமாக எடுத்துக்கொள்ளும் என்று பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்று, யாராவது வேகமாகக் கை அசைத்தால் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் வரும். பயப்பட வேண்டாம், டிஸ்க் கெட்டுப்போகவில்லை. அந்தக் கால கேமரா ஒவ்வொரு படத்தையும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு பாதியாக, நொடிக்கு 50 பாதி எடுத்தது. குழாய் டிவியில் அது தெரியாது, இப்போதைய டிவியில் தெரியும். ஃபில்டர் பகுதியில் டீஇன்டர்லேஸ் போட்டால் போய்விடும். மாப்பிள்ளை முகம் அகலமாகத் தெரிந்தால் அது 4:3 படத்தை 16:9க்கு இழுத்ததால். அதையும் ஹேண்ட்பிரேக்கிலேயே சரிசெய்யலாம்.

இதையெல்லாம் விட முக்கியமானதைச் சொல்கிறேன். ராத்திரி படுக்கும்போது கன்வெர்ட் போட்டுவிட்டுப் போனேன். 97 சதவீதம் வரைக்கும் போனதை எழுந்து பார்த்தேன். விடியுமுன் கரண்ட் போய்விட்டது, என்னிடம் யுபிஎஸ் இல்லை. ஃபைல் டிஸ்கில் இருக்கிறது, ஆனால் எதிலும் திறக்கவில்லை. எம்பி4இல் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். அது எழுதப்படாமல் நின்றால் மொத்தமும் போச்சு. எம்கேவி என்ற இன்னொரு ஃபைல் வகை அப்படி இல்லை, நின்ற இடம் வரைக்கும் ஓடும். அதற்குப் பிறகு முதலில் எம்கேவியாகத்தான் எடுக்கிறேன். அப்புறம் அவிடெமக்ஸ் என்ற மென்பொருளில் வீடியோ, ஆடியோ இரண்டுக்கும் காப்பி என்று வைத்து எம்பி4 ஆக்குகிறேன். படத்தை மறுபடி அரைக்காமல் வெளிப்பெட்டியை மட்டும் மாற்றுவதால் சில நிமிடத்தில் முடியும், தரமும் குறையாது. மாதப் பராமரிப்புக்கு மின்தடை என்று பேப்பரில் வருகிற நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

கோட்டையூர்

என் அனுபவம் சின்னது. 6 ஜிபி ஃபைலைப் பென் டிரைவில் போட்டால் இடமில்லை என்றது, டிரைவ் 32 ஜிபி. டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கிற எஃப்ஏடி32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாதாம். எங்கள் டிவி என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு முறையையும் படித்தது, அதற்கு மாற்றியதும் சரியானது. ஃபார்மட் செய்து மாற்றினால் டிரைவில் இருப்பது அழிந்துவிடும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

பள்ளத்தூர், இப்போது சிங்கப்பூர்

எனக்குப் பழைய படம் இல்லை, புதுப் படத்தில் பிரச்சினை. பேரனுக்குக் காது குத்தியதை ஐபோனில் எடுத்து அப்பச்சிக்கு (என் அப்பாவுக்கு) அனுப்பினேன். அப்பச்சி பழைய லேப்டாப்பில் போட்டால் சத்தம் வருகிறது, படம் கறுப்பு. "பிள்ளை அழுகிறது மட்டும் கேக்குது ஆத்தா, முகத்தைக் காணோம்" என்று போனில் சொன்னார்கள். அதற்குப் பிறகு விசாரித்தேன். 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து புது ஐபோன்கள் வீடியோவை இன்னும் சிறிதாகச் சுருக்குகிற எச்இவிசி முறையில் எடுக்கின்றன. இடம் மிச்சம், ஆனால் பழைய கம்ப்யூட்டரில் அதைப் பிரிக்க வழி இல்லை.

அவசரத்துக்கு விஎல்சி பிளேயர் போட்டுக் கொடுங்கள், அது கூடுமானவரை எதையும் திறக்கும். இனி எடுப்பதற்கு, போனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று வைத்தால் எச்.264இல் எடுக்கும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

காரைக்குடி ஆச்சிக்கு ஒன்று: சாந்திக்கு சிடி போட்டால் பங்காளி, சம்பந்தி என்று நாலு வீட்டுக்காவது ஒரு செட் போயிருக்குமே? அவர்கள் சிடியில் கீறல் வேறு இடத்தில் இருக்கலாம்.

காரைக்குடியிலிருந்து

சிங்கப்பூர் ஆச்சி, நீங்கள் சொன்னதை ஆயாவிடம் கேட்டேன். கானாடுகாத்தானில் சின்ன அம்மான் வீட்டில் ஒரு செட் கொடுத்தது உண்மைதானாம். அயித்தைக்குப் போன் செய்தேன், மேல்மாடியில் பாத்திரங்களோடு இருக்கிறது, அட்டையைக்கூடப் பிரிக்கவில்லை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்து வருகிறேன். நாலு நிமிடத்தை மட்டும் ஒட்டாமல் மூன்றாவது சிடி முழுவதையும் புதிதாக எடுத்துவிடுகிறேன், தேவகோட்டை அண்ணன் சொன்னபடி முதலில் எம்கேவியில்.

மற்ற நாலையும் ஆயா பட்டாலையில் உட்கார்ந்து இரண்டு முறை பார்த்துவிட்டார்கள். மூன்றாவது எப்போது வரும் என்று தினம் கேட்கிறார்கள். எங்கள் பழைய சிடியைத் தூக்கிப் போடவில்லை, உறையில் போட்டு அதே அலமாரியில் வைத்திருக்கிறேன்.