நோ பார்க்கிங் பலகைக்குக் கீழே ஆம்புலன்ஸ்: சலான் எனக்கு மட்டும்தானா?

வைகைக்கரையான் (மதுரை)

போன செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு இன்சுலின் வாங்க மருந்துக்கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். தலைக்கு மேலே நோ பார்க்கிங் பலகை இருந்தது, மறுக்கவில்லை. சீட்டைக் கொடுத்து, ஐஸ் வைத்துக் கட்டி வாங்கிவர ஆறேழு நிமிடம் ஆனது. சாயங்காலம் போனில் சலான், 500 ரூபாய். அடுத்த முறை மாட்டினால் 1,500 என்று பக்கத்து வீட்டுக்காரர் வேறு பயமுறுத்தினார்.

பணத்தைக் கட்டிவிட்டேன், அதில் சண்டை இல்லை. ஆனால் சலானோடு வந்த போட்டோவில் என் வண்டிக்கு முன்னால் ஒரு ஆம்புலன்ஸ் பாதி தெரிகிறது. அதற்கும் முன்னால் ஒரு ரோந்து ஜீப். ஆம்புலன்ஸுக்குள் யாரும் இல்லை, பக்கக் கண்ணாடியில் ஒரு துண்டு காய்கிறது. நான் வருவதற்கு முன்பும் அது அங்கேதான் நின்றது, கிளம்பிய பிறகும் அங்கேதான் நின்றது.

அதனால் கேட்கிறேன். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, போலீஸ் வண்டி மூன்றுக்கும் பார்க்கிங் விதியிலிருந்து விலக்கு கொடுக்கலாமா? என்னைக் கேட்டால், ஓடும்போது விலக்கு, நிற்கும்போது கிடையாது.

வெள்ளை வண்டி (திண்டுக்கல் பக்கம்)

அண்ணே, ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எங்கள் வேலையில் பாதி நிற்பதுதான்.

நான் பதினோரு வருஷமாக 108 ஓட்டுகிறேன். (எங்களை டிரைவர் என்று சொல்வதில்லை, பைலட். பின்னால் இருந்து நோயாளிக்கு முதலுதவி செய்பவர் இ.எம்.டி.) அழைப்பு வந்த பிறகு ஏதோ ஒரு டிப்போவிலிருந்து கிளம்புகிற வண்டி இல்லை இது. எங்கே விபத்து அதிகம், எங்கிருந்து போனால் சீக்கிரம் போகலாம் என்று பார்த்து ஒரு இடம் கொடுப்பார்கள். அந்த இடத்தில் காத்திருக்க வேண்டும். சிலருக்கு ஆஸ்பத்திரி வளாகம் கிடைக்கும், சிலருக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசல். எனக்குக் கிடைத்தது ஒரு வேப்பமரம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். துண்டு காயாமல் என்ன செய்யும்?

அந்த மரத்திலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, பார்க்கிங் உள்ள இடமாகப் பார்த்து நின்றால் உங்களுக்கு நிம்மதி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு?

பாத்திரக்கடை செல்வி (ஊர் சொல்ல மாட்டேன்)

தம்பி, 108 மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் விலக்கு என்று ஒன்று எழுதினால் அது உங்களோடு நிற்காது. எங்கள் ஊர் பெரிய ஆஸ்பத்திரி எதிரே போய்ப் பாருங்கள். ஏழெட்டு தனியார் ஆம்புலன்ஸ் வரிசையாக நிற்கும். எங்கே? பஸ் நிறுத்தத்தில். பஸ் ஓரம் கட்ட முடியாமல் நடுரோட்டில் நிற்கும். பாட்டிகள் எல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு, இடது பக்கம் பைக் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து இறங்க வேண்டும். அந்த ஏழெட்டு வண்டியில் ஒன்றுகூட யாரையும் காப்பாற்றிக்கொண்டு இல்லை. சவாரிக்கு நிற்கின்றன, ஆட்டோ ஸ்டாண்டு மாதிரி.

போன ஐப்பசியில் என் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். ஆட்டோவில்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். அவசரப் பிரிவு வாசலில் மூன்று காலி ஆம்புலன்ஸ், குறுக்கும் நெடுக்குமாக. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார், யாரும் அசையவில்லை. கடைசியில் அம்மாவை இறக்கி, நானும் அவருமாகக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனோம். ஐம்பது அடி இருக்கும். அந்த ஐம்பது அடியை நான் மறக்கவில்லை.

அவசரத்துக்கு வருகிறவனை அவசர வண்டியே மறிக்கிறது. அதற்கு விலக்கா?

சும்மா வந்தேன்

போலீஸ் ஜீப்புக்கு யார் சலான் போடுவது? ஜீப்பே ஜீப்புக்குப் போட்டுக்கொள்ளுமா? 😂

கருப்புக் கோட்டு (சென்னை)

சிரிக்காதீர்கள், அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 210பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். இந்தச் சட்டத்தை அமல்படுத்துகிற அதிகாரம் உள்ளவர்களே குற்றம் செய்தால் தண்டத்தொகை இரண்டு மடங்கு. ஆக, வைகைக்கரையானுக்கு 500 என்றால் அந்த ஜீப்புக்கு 1,000 வர வேண்டும். வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.

திரியின் கேள்விக்கு வருகிறேன். இங்கே பலரும் "ஆம்புலன்ஸுக்கு எல்லா விலக்கும் உண்டு" என்று நினைக்கிறார்கள். 2017இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகளில் அவசர வண்டிகள் பற்றி எழுதியிருக்கிறது. மிக அவசரமான நேரத்தில், கவனத்தோடு, சிவப்பு விளக்கைத் தாண்டலாம், வேக வரம்பை மீறலாம், ஒருவழிப் பாதையில் எதிர்த்து வரலாம். இப்படி ஓட்டுவது பற்றியவைதான். கண்ட இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று அந்தப் பட்டியலில் இல்லை. பார்க்கிங் கூடாத இடங்களைச் சொல்லும் விதியோ பஸ் நிறுத்தம், நடைபாதை, ஆஸ்பத்திரி வாசல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே சொல்கிறது. செல்வி அம்மா சொல்கிற அந்த ஏழெட்டு வண்டிக்கும் இன்றைய தேதியில் சலான் போடலாம். போடுவதில்லை என்பது வேறு விஷயம்.

வெள்ளை வண்டி

சார், புத்தகத்தில் இல்லை என்பதுதான் எங்கள் பயமே. ஒரு விபத்து இடத்தைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள்.

நாலுவழிச் சாலை, ராத்திரி. பைக்கில் வந்தவர் இடது ஓரத்தில் விழுந்து கிடக்கிறார். முறைப்படி நான் வண்டியை ரோட்டை விட்டு இறக்கி ஓரமாகப் போட வேண்டும். அப்படிப் போட்டால் இ.எம்.டி. தம்பி குனிந்து கழுத்துக்குப் பட்டை கட்டும்போது பின்னால் வருகிற லாரிக்கு அவன் முதுகுதான் முதலில் கிடைக்கும். அதனால் வேண்டுமென்றே வண்டியைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு தடத்தை அடைத்து, விளக்கைச் சுழலவிட்டு நிறுத்துகிறோம். வண்டிதான் எங்களுக்குச் சுவர். போக்குவரத்தை மறிக்கிறேன், ஆமாம். மறிக்கத்தான் நிற்கிறேன்.

இன்னொன்று. பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை இழுத்து இறக்க எட்டடியாவது வேண்டும். தெருவில் முறையாக ஓரம் கட்டினால், நாங்கள் மாடி ஏறி இறங்குவதற்குள் பின்கதவை ஒட்டி இரண்டு பைக் நிற்கும். "ஒரே நிமிஷம்ணே, டீ குடிச்சிட்டு வந்துடுறேன்." அதனால்தான் சில பேர் நடுத்தெருவிலேயே நிறுத்துகிறார்கள்.

பழைய தீயணைப்பு (ஓய்வு, சென்னை)

வெள்ளை வண்டி தம்பி சொல்வது ஆம்புலன்ஸுக்குப் பொருந்துவதைவிட எங்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். தீயணைப்பு வண்டி நின்ற பிறகுதான் அதன் வேலையே ஆரம்பம். இன்ஜின் ஓட வேண்டும், அதுதான் பம்பைச் சுற்றுகிறது. ஹோஸ் விரிக்க இடம் வேண்டும். ஸ்கைலிஃப்ட் என்றால் பக்கவாட்டில் கால்களை நீட்டி ஊன்றினால்தான் ஏணியைத் தூக்கவே முடியும். தி.நகர் உஸ்மான் ரோட்டில் 2017 மே 31ஆம் தேதி ஜவுளிக்கடைக் கட்டடம் பற்றி எரிந்ததே, ஏழு மாடி, மறுநாள் ஒரு பகுதி இடிந்தே விழுந்தது. மேலே மேம்பாலம், கீழே கடைநெருக்கம். அங்கே போய் "இது நோ பார்க்கிங்" என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆனால் ஒரு உண்மையையும் சொல்கிறேன், நம் ஆட்களுக்குப் பிடிக்காது. தீ அணைத்துவிட்டுத் திரும்பும் வழியில் பரோட்டா கடை வாசலில் வண்டியைக் குறுக்கே போட்டுவிட்டு நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம். பசி. ராத்திரி முழுக்க நனைந்திருப்போம். கடைக்காரர் காசு வாங்க மாட்டார். சிவப்பு வண்டியை யார் கேட்பார்கள்? யாரும் கேட்காதது சரி என்று ஆகிவிடாது.

குயின்ஸ் குமரன் (நியூயார்க்)

ஐயா சொன்ன பரோட்டா விஷயத்துக்கு இங்கே சட்டத்திலேயே பதில் இருக்கிறது. நியூயார்க் மாநில வாகனச் சட்டம் 1104ஆம் பிரிவு, அவசரப் பணியில் இருக்கும் வண்டி எந்தப் பார்க்கிங் விதியையும் பார்க்காமல் நிற்கலாம், நிறுத்தலாம் என்று வெளிப்படையாகவே அனுமதி கொடுக்கிறது. நம் 2017 ஒழுங்குமுறையில் விட்டுப்போனது இங்கே இருக்கிறது. அப்புறம் "அவசரப் பணி" என்றால் என்ன என்று இன்னொரு இடத்தில் விளக்குகிறார்கள்: நோயாளியை ஏற்றிப் போவது, அழைப்புக்குப் போவது, தீ நடக்கும் இடத்தில் வேலை செய்வது எல்லாம் சேரும். வேலை முடிந்து திரும்பி வருவது சேராது. அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியவர் நிச்சயம் பரோட்டா கடையைப் பார்த்திருப்பார்.

எழுதிவிட்டால் நடக்குமா என்றால், இங்கேயும் அரைகுறைதான். தெருவோரம் தீயணைப்பு வண்டி தண்ணீர் எடுக்கும் குழாயிலிருந்து 15 அடிக்குள் நிறுத்தினால் எனக்கு டிக்கெட். டாஷ்போர்டில் ஏதோ ஒரு அரசாங்க அட்டையை வைத்துவிட்டு அதே குழாயின் முன்னால் நிற்கும் கார்களை தினமும் பார்க்கிறேன்.

வைகைக்கரையான்

சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். விபத்து இடம், தீ நடக்கும் இடம், நோயாளி வீட்டு வாசல்: இந்த மூன்றிலும் விலக்கு இருக்கட்டும். நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். விலக்கு வண்டிக்கு இல்லை, அந்த ஓட்டத்துக்கு. ஓட்டம் முடிந்தால் விலக்கும் முடிந்தது. சவாரிக்கு நிற்பதும் சாப்பாட்டுக்கு நிற்பதும் சலானுக்கு உரியவை.

வெள்ளை வண்டி

அப்படியானால் என் வேப்பமரம்? நான் சவாரிக்கும் நிற்கவில்லை, சாப்பாட்டுக்கும் நிற்கவில்லை. நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறேன். குமரன் சார் சட்டப்படி பார்த்தாலும், அழைப்பு வராத வரைக்கும் நான் வெறும் வேன்தானே?

கருப்புக் கோட்டு

நல்ல கேள்வி. விலக்கு தேவையே இல்லாத கேள்வியும்கூட. காத்திருக்கும் இடம் ஏற்கெனவே முடிவு செய்த இடம்தானே. அங்கே மஞ்சள் கோடு போட்டு "ஆம்புலன்ஸ் மட்டும்" என்று எழுதிவிட்டால் அது நோ பார்க்கிங் இல்லை, உங்கள் பார்க்கிங். ஆட்டோவுக்கு ஸ்டாண்டு இருக்கிறது, உயிர் காக்கிற வண்டிக்கு மரத்தடி. இதை மாற்றாமல் விலக்கு கொடுத்தால், ஒரு டப்பா பெயின்ட்டுக்குப் பதிலாக ஒரு சட்டத்தைச் செலவழிக்கிறோம். அவசர வண்டிக்கு வழிவிடாதவனுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 194இ பிரிவு எழுதினார்கள், நல்லது. கிளம்பும் இடத்தில் பைக் நிறுத்தி மறிப்பவனுக்கும் அதே கண்டிப்பு காட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

பாத்திரக்கடை செல்வி

வக்கீல் சார் பெயின்ட்டோடு முடித்துவிட்டார். அந்தக் கோட்டை எங்கே போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே பஸ் நிறுத்தமாக இருக்கிற இடத்தில், இல்லாவிட்டால் மாற்றுத்திறனாளிக்குப் போட்ட சாய்தளத்தின் மேல். போடும் முன்னால் அந்தத் தெருவில் இருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்கட்டும். அதோடு தனியார் வண்டிக்கும் 108க்கும் ஒரே கோடா, வேறா? அதை யாருமே தொடவில்லை.

சும்மா வந்தேன்

அக்கா கடை வாசல்லயே போடச் சொல்லுங்க, பிரச்சினை தீர்ந்தது 😂

பாத்திரக்கடை செல்வி

கிண்டல் பண்ணாதே தம்பி, போடட்டுமே. 108ஆக இருந்தால் நானே பைக் நிறுத்தவிடாமல் பார்த்துக்கொள்கிறேன், கடைக்கு வருகிறவர்களையும் சேர்த்துத்தான். ஒரே ஒரு நிபந்தனை: இன்ஜினை அணைத்துவிட்டு நிற்க வேண்டும். போன வாரம் ஒருத்தர் ஏ.சி. போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓடவிட்டார், டீசல் புகை முழுக்க கடைக்குள். குடத்தைத் துடைத்தால் துணி கறுக்கிறது.

வெள்ளை வண்டி

அக்கா, இடம் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் சித்திரை வெயிலில் அந்தத் தகர டப்பாவுக்குள் இ.எம்.டி.யும் மருந்துப் பெட்டியும் இருக்கிறார்கள். நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொள்வேன். மருந்தை எங்கே உட்கார வைப்பது?

பாத்திரக்கடை செல்வி

பெட்டியை உள்ளே கொண்டுவந்து வை. ஃபேன் ஓடுகிறது.

வெள்ளை வண்டி

வண்டியை விட்டு இறக்கக்கூடாதுக்கா. விதி.