'ஹைனா-ஸ்வைன்': தமிழில் ஒரு பெயர் வேண்டும்

எச். ஜி. வெல்ஸின் 'டாக்டர் மோரோவின் தீவு' (1896) நாவலை மொழிபெயர்த்து வருகிறேன். மூன்று வாரமாக ஒரே பெயரில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். கழுதைப்புலியையும் பன்றியையும் அறுத்துச் சேர்த்து மோரோ உருவாக்கிய மிருக மனிதன், 'ஹைனா-ஸ்வைன்'.

முதலில் 'கழுதைப்புலிப்பன்றி' என்று போட்டேன். படித்த தங்கை, "கழுதை, புலி, பன்றி மூணும் கலந்ததா?" என்று கேட்டாள். சரி, பழைய சொல்லான 'கடுவாய்' எடுத்து 'கடுவாய்ப்பன்றி' ஆக்கினேன். நாகர்கோவில் நண்பருக்கு அது புலியாகவே கேட்கிறது. மலையாளத்தில் கடுவா புலிதானே. ஆங்கிலப் பெயரை அப்படியே விட்டால் பயமே வரவில்லை.

அந்தப் பயம்தான் எனக்கு முக்கியம். மோரோ இறந்தபின், 'வணங்கு' என்று கதைசொல்லியான பிரெண்டிக் அதட்டியும் வணங்காமல் நிற்பது இதுதான். அப்புறம் அவனுக்குத் துணையாக இருந்த நாய் மனிதனைக் கொன்று, உடல்மேல் குனிந்து உறுமிக்கொண்டே கடிக்கிறது. பாய்ந்து வரும்போது அவன் சுடுகிறான். அந்த இடத்தில் பெயர் நீண்டால் வாக்கியமே தடுக்கி விழுகிறது.

கழுதைப்புலி இன்னும் திரிகிற மசினகுடி, சத்தியமங்கலம் பக்கம் இருப்பவர்களே, உங்கள் ஊர்ப் பேச்சில் அதற்குச் சின்னதாக வேறு பெயர் இருக்கிறதா?