உமது இலக்கம் யாருடைய இலக்கம்?

பொருள்: மறு: “ரெஃபரன்ஸ் நம்பர்” தமிழில் என்ன?

எல்லோருக்கும் வணக்கம்.

அட்டன் தங்கச்சி கேட்டது ஒரே கேள்வி. தன் பாடசாலைக்குப் புதிதாக வந்த ஆசிரியர்களுக்காக இடர் கடன் (அவசரத் தேவைக்கு அரச ஊழியருக்குக் கொடுக்கும் கடன்) விண்ணப்பம் பற்றித் தமிழில் ஒரு விளக்கத்தாள் எழுதுகிறார். அதில் “ரெஃபரன்ஸ் நம்பர்” என்பதற்கு என்ன போடலாம் என்றார். நாம் எல்லோரும் ஆளுக்கொரு சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். தங்கச்சியின் தாளில் அந்த இடம் இன்னும் வெற்றாகத்தான் இருக்கிறது.

> சுட்டெண் என்று போடலாமே. சின்னதாக, அழகாக இருக்கிறது.

சொல் நல்ல சொல்தான். ஆனால் இலங்கையில் அதை சாதாரண தரப் பரீட்சை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. சுட்டெண் என்றால் இங்கே பிள்ளைக்கும் தெரியும், பெற்றோருக்கும் தெரியும்: பரீட்சை அனுமதி அட்டையில் இருப்பது. கடன் படிவத்தில் அந்தச் சொல்லைப் போட்டால் யாராவது ஒருவர் தன் உயர்தரப் பரீட்சை எண்ணைத் தேடி எடுத்து நிரப்பித்தான் வைப்பார்.

> தொடர்பு இலக்கம்?

வேண்டாம். அது தொலைபேசி இலக்கம். இருபது வருடம் கல்வி அலுவலகம் ஒன்றில் மேசையில் இருந்தவன் சொல்கிறேன், பத்துப் பேரில் ஒன்பது பேர் சுழியம் ஏழு என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

உசாத்துணை இலக்கம் என்று பதுளை மாஸ்டர் சொன்னது அகராதிக்குச் சரி. ஆனால் உசாத்துணை என்றதும் நமக்கு நினைவு வருவது புத்தகத்தின் கடைசிப் பக்கம். தமிழ்நாட்டு நண்பர் சொன்ன “பார்வை” அவர்களுடைய அரசாங்கக் கடிதங்களில் நன்றாகப் பழகிப்போன சொல். எங்கள் கவுண்டரில் நின்று பார்வை இலக்கம் கேட்டால் கண்ணாடியைக் கழற்றிக் காட்டுவார்கள்.

சொல்லை விடுங்கள். அந்த எண் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

இடர் கடன் எடுக்கப் போகிறவர் கையில் எத்தனை இலக்கம் இருக்கிறது? அடையாள அட்டை இலக்கம் ஒன்று. பழையதில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016இலிருந்து வருவதில் பன்னிரண்டு. அதற்குள் பிறந்த வருடமும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கும், பெண்ணென்றால் நாளோடு 500 கூட்டியிருக்கும். பிறகு சம்பளப் பட்டியலில் இருக்கிற இலக்கம். விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம். சுயவிபரக் கோவையின் (ஃபைலின்) இலக்கம். இவற்றில் ஒன்றையும் “ரெஃபரன்ஸ் நம்பர்” என்று சொல்லக்கூடாது. முதல் மூன்றும் ஆளைப் பிடிக்கிற இலக்கங்கள், கடைசியது அந்த ஆளின் கடதாசிக் கட்டை. பிணை நிற்கிற இருவருக்கும் இதே வரிசை தனியாக உண்டு.

“ரெஃபரன்ஸ் நம்பர்” வேறு. அது ஒரு கடிதப் போக்குவரத்தைப் பிடிக்கிற இலக்கம். நீங்கள் யார் என்று அதற்குத் தெரியாது. எந்தக் கிளை, எந்த விடயம், எந்தக் கோவை என்று சாய்கோடு போட்டுப் போட்டுச் சொல்லும். அலுவலகக் கடிதத்தின் தலையில் மூன்று மொழியிலும் அச்சடித்திருக்கிறதே, “எனது இல.”, “உமது இல.”, “திகதி”, அந்த முதல் இரண்டுதான் இது.

இங்கேதான் சிக்கல், இதில் நானே மாட்டியிருக்கிறேன். ஆபீஸ் வேலைக்கு வருவதற்கு முன்னே நான் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்தேன். மழைக்கு முன் லயத்துக்கு, அதுதான் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, கூரைத் தகரம் மாற்ற வேண்டும், இடர் கடனுக்குப் போட்டேன். அந்த நாளில் பத்து மாதச் சம்பளம் அல்லது மேல்வரம்பு, எது குறைவோ அது, வட்டி 4.2 வீதம், வெளியில் வட்டிக்கு வாங்குகிறவனுக்கு அது வட்டியே இல்லை. பிணையாளர் ஒருவரின் விபரம் குறைகிறது என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. “எனது இல.” என்ற இடத்தில் பேனையால் நீளமாக ஓர் இலக்கம், “உமது இல.” வெறுமை. நான் பதில் எழுதினேன். வந்த கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, அதே மாதிரி, “எனது இல.” என்று போட்டு அதே இலக்கத்தை அப்படியே இறக்கினேன். எழுத்தும் குண்டு குண்டாக நன்றாக இருந்தது.

என்ன நடந்தது என்று பிற்பாடு தெரிந்தது. கடிதத்தைப் பிரித்த கை, “எனது இல.” என்பதையும் தங்கள் இலக்கத்தையும் கண்டு, இது தாங்கள் அனுப்பியதன் பிரதி என்று நினைத்துக் கோவையில் துளை போட்டுக் கட்டிவிட்டது. நான் லயத்தில் வாளி வைத்துக்கொண்டிருந்தேன். அந்த மழைக்காலம் முழுக்க என் பதில் என் கோவைக்குள்ளேயே படுத்திருந்தது, விபரம் வரவில்லை என்று அதே கோவையில் குறிப்பும் எழுதியிருந்தார்கள்!

கடிதம் கை மாறும்போது “எனது” “உமது” ஆகிவிடும். அவர்களுடைய எனது, என் கடிதத்தில் உமது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தங்கச்சி, உங்கள் தாளில் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் இந்த ஒரு வரியைப் போடுங்கள்: அலுவலகம் “எனது இல.” என்று எழுதியதை நீங்கள் “உமது இல.” என்று எழுத வேண்டும்.

ஆகவே நமக்கு வேண்டியது யார் வாயில் வந்தாலும் மாறாத சொல். சிங்களத்தில் “யொமு அங்கய” என்கிறார்கள், ஓரிடத்துக்குத் திருப்பி விடுகிற இலக்கம். தமிழில் அதற்கு நேரானது ஆற்றுப்படுத்தல். வறிய பாணனைப் பொருள் கொடுக்கிறவனிடம் வழிகாட்டி அனுப்புவதுதானே ஆற்றுப்படை. கடன் விண்ணப்பத்துக்கு இதைவிடப் பொருத்தம் ஏது! ஆனால் படிவத்துக்குத் தாங்காது. ஆற்றுப்படுத்தல் இப்போது ஆலோசனைப் பிரிவுக்காரர்களின் சொல்லும் ஆகிவிட்டது.

முதலில் நான் “பிடியிலக்கம்” என்று நினைத்தேன். கோவையைப் பிடித்து இழுக்கிற இலக்கம். வீட்டில் சொல்லிப் பார்த்தேன். “சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கிறான் என்ற இலக்கமா?” என்று கேட்டார் மனைவி. நாற்பது வீதத்துக்கு மேல் கழிக்கக்கூடாது என்று எத்தனை தடவை நானே திருப்பி அனுப்பியிருப்பேன், எனக்கு அது தோன்றவில்லை.

என் முன்மொழிவு: தேடிலக்கம். தேடுபொறி எல்லோருக்கும் பழகிவிட்டது, அதே வார்ப்பு. வினைத்தொகை, தேடிய, தேடுகிற, தேடும் இலக்கம். கடன் கோவைக்கு மூன்று காலமும் பொருந்தும்.

> எண் என்றால் இன்னும் சின்னது. தேடெண்.

கவுண்டருக்கு வெளியே நின்று இதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள் அண்ணே. “தேடேன்” என்று கேட்கும். உள்ளே இருப்பவர் “நான் ஏன் தேட?” என்பார். அதோடு இலங்கையில் அடையாள அட்டையிலிருந்து வீட்டுக் கதவு வரை இலக்கம்தான்.

> கடனோடு இலக்கம் சேர்ந்தாலே நம் சனத்துக்குப் பயம். தமிழில் போட்டால் மட்டும் போய்விடுமா?

நானுஓயா ஐயா கேட்டது இது. போகாது. 1900களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்களுக்குக் கொடுத்த தகர வில்லையில் எழுத்தும் எண்ணும் பொறித்திருந்தது, இந்த ஆள் எந்தப் பகுதி, எந்தத் தோட்டம் என்று. வழிச்செலவு அந்தத் தோட்டத்துக் கணக்கில் ஏறும். துண்டு (கடனைத் தீர்த்தால் ஆளை விடுவோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு) முறையில் ஆளின் கடன்தான் ஆளோடு தோட்டம் மாறியது. 1921இல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். செக்ரோல் (தோட்டத்து வரவுப் பதிவேடு) நம்பர் இன்றைக்கும் ஆளின் பேருக்கு முன்னால் நிற்கிறது. அதெல்லாம் தோட்டத் துரை நம்மைத் தேடுவதற்கு வைத்த இலக்கங்கள். இது நம்முடைய கடதாசியை நாம் தேடிக் கேட்கிற இலக்கம். வேறுபாட்டைச் சொல்லில் காட்ட முடிந்தால் நல்லதுதானே ஐயா.

தங்கச்சிக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. படிவத்தில் இடம் போதாது என்று குறுக்கிவிடாதீர்கள். “தே.அ.அ. இல.” அடையாள அட்டைக்கு இருக்கிறது, பக்கத்தில் “தே.இல.” என்று வைத்தால் கண் தடுமாறும். அதுவும் போக, தே.இல. என்பதை நம் பக்கத்தில் எவரும் தேயிலை என்றுதான் படிப்பார்கள். எத்தனை கிலோ என்று எழுதிவிடுவார்கள்.