வறுமைப் பண்பாடா, வறுமைக் கலாச்சாரமா, வறுமை வழக்காறா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்க அரசியல் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துவரும் நம் தங்கை, ‘கல்ச்சர் ஆஃப் பாவர்ட்டி’ என்ற தொடருக்குத் தமிழ் கேட்டு நான்கு நாளாகிறது. இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: வறுமைப் பண்பாடு, வறுமைக் கலாச்சாரம், ஏழ்மை மனப்பான்மை. பேராசிரியர் ஐயா முதல் சொல்லே போதும் என்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்’ என்று கலித்தொகை சொல்லிவிட்டது. அன்றிலிருந்து நம் காதில் பண்பும் பண்பாடும் பாராட்டுச் சொற்கள். ஒருவனைப் பண்பாடு இல்லாதவன் என்றால் அது வசை. ‘வறுமைப் பண்பாடு’ என்று தலைப்பிட்டால், இல்லாத வீட்டிலும் வந்தவருக்குக் கஞ்சி ஊற்றும் குணத்தைப் பற்றிய கட்டுரை என்றுதான் வாசகர் நினைப்பார். ஆங்கிலத் தொடர் போவது நேர் எதிர்த் திசையில்.

ஏழ்மை மனப்பான்மை வேண்டவே வேண்டாம். வறுமையைத் தூக்கி ஏழையின் மண்டைக்குள் வைத்துவிடுகிறது அது. வழக்கு நடக்கும்போதே தீர்ப்பு எழுதுகிற சொல்.

சரி, அந்தத் தொடர் யார் யார் வாயில் எப்படி மாறி வந்தது என்று பார்ப்போம்.

அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஆஸ்கர் லூயிஸ் என்ற மானிடவியலாளர். 1959-ல், மெக்சிகோவின் ஏழைக் குடும்பங்களை ஆராய்ந்து எழுதியபோது. கையில் காசில்லாமை மட்டும் வறுமை இல்லை, அது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் ஒரு வாழ்முறையாகவும் ஆகிவிடுகிறது என்றார். ஆறேழு வயதுக்குள் அது குழந்தையிடம் படிந்துவிடுகிறது, பிறகு நல்ல வாய்ப்பு வந்தாலும் பற்றிக்கொள்வது கடினம் என்றும் சொன்னார். அதன் கூறுகளாக நீண்ட பட்டியல் ஒன்றும் தந்தார். அடகுக்கடை, அக்கம்பக்கத்தில் வட்டிக்கு வாங்குவது, தேவைப்படும்போதெல்லாம் ஒரே நாளில் பலமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான் வாங்குவது எல்லாம் அதில் உண்டு.

அந்தக் கடைசிக் கூறை நினைத்துப் பாருங்கள். காலையில் ஐம்பது கிராம் டீத்தூள், சாயங்காலம் கூலி வந்தபிறகு அரைக் கிலோ அரிசி, இருட்டினபின் கால் லிட்டர் எண்ணெய். மாதச் சாமானை மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும். மொத்தமாக வாங்க மொத்தமாகக் காசு வேண்டும். அன்றாடங்காய்ச்சி என்று நாம் சொல்லும் சொல்லிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. லூயிஸும் இவற்றை வெறும் குறைகளாகப் பார்க்கவில்லை. சமூகத்தின் விளிம்பில் தள்ளப்பட்டவர்கள் அந்த நிலைமைக்குத் தங்களைத் தகவமைத்துக்கொண்ட விதம் என்றார். சோஷலிச நாடுகளில் இது இருக்காது என்றே தான் நம்புவதாகவும் எழுதினார். ஆக, இந்தத் தொடர் பிறந்த இடம் இடதுசாரிப் பக்கம்.

அப்புறம் அது இடம் மாறியது. 1965 மார்ச்சில், அதிபர் ஜான்சன் ஆட்சியில் தொழிலாளர் துறையின் துணைச் செயலாளராக இருந்த டேனியல் பேட்ரிக் மொய்னிஹன், கறுப்பினக் குடும்பங்களின் நிலை பற்றி ஓர் உள் அறிக்கை எழுதினார். அடிமைமுறை, பாகுபாடு, தீராத வேலையின்மை ஆகியவை குடும்பத்தைச் சிதைத்துவிட்டன, நாடே முன்வந்து செயல்பட வேண்டும் என்பது அவர் வாதம். ஆனால் அதில் ஓர் அத்தியாயத்தின் தலைப்பு ‘நோய்மைச் சிக்கல்’ என்று பொருள்படும். அறிக்கை வெளியே கசிந்தது. ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பினத்தவர் வாழ்ந்த வாட்ஸ் பகுதி கலவரத்தில் பற்றி எரிந்தது. காரணம் என்ன என்று தேடியவர்கள் கையில் அந்த அறிக்கையும், அதிலும் குறிப்பாக அந்தத் தலைப்பும் கிடைத்தன. பாதிக்கப்பட்டவர்கள்மேலேயே பழியைப் போடுகிறார் என்று ஒரு சாரார் கொதித்தார்கள். வேலையின்மை பற்றிய பக்கங்களை விட்டுவிட்டுக் குடும்பம் பற்றிய பக்கங்களை மட்டும் இன்னொரு சாரார் எடுத்துக்கொண்டார்கள். மொய்னிஹனே பத்து வயதில் தந்தை விட்டுப்போன வீட்டில் வளர்ந்தவர். அந்த வலி தெரிந்துதான் எழுதினார் என்று நினைக்கிறேன். அவர் தேர்ந்த சொற்களோ அவர் கையை விட்டுப் போய்விட்டன.

1976 தேர்தலில், பின்னாளில் அதிபரான ரேகன், பல பெயர்களில் அரசு உதவிப் பணம் வாங்கிய ஒரு சிகாகோப் பெண்ணின் கதையை மேடைக்கு மேடை சொன்னார். அந்தப் பெண்ணின் நிறத்தைச் சொல்லவில்லை, சொல்லாமலே கேட்டவர்களுக்குப் புரிந்தது. 1996-ல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட நலஉதவிச் சீர்திருத்தச் சட்டம் கூட்டரசு நிதியில் கிடைக்கும் உதவிக்கு வாழ்நாளில் 60 மாதம் என்று வரம்பு வைத்தது. அந்தச் சட்டத்தின் தொடக்கக் கண்டறிதல்களில் முதல் வரி திருமணத்தைப் பற்றியது: வெற்றிகரமான சமூகத்துக்குத் திருமணமே அடித்தளம் என்கிறது. வறுமை ஒழிப்புச் சட்டம் கல்யாணத்தில் தொடங்குகிறது என்றால், கலாச்சார வாதம் அதற்குள் எவ்வளவு ஆழமாகப் போயிருந்தது என்று பாருங்கள்.

தங்கை மொழிபெயர்ப்பது 2014-ல் நடந்த சண்டையைப் பற்றி. அந்த மார்ச்சில் குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் பால் ரயன் ஒரு வானொலிப் பேட்டியில், நகர்நடுப் பகுதிகளில் கலாச்சாரம் சரிந்துகொண்டிருக்கிறது, ஆண்கள் தலைமுறை தலைமுறையாக வேலையைப் பற்றி நினைப்பதே இல்லை என்ற பொருளில் பேசினார். ஜனநாயகக் கட்சியின் கறுப்பின உறுப்பினர் பார்பரா லீ அதை மெல்லிய திரையிட்ட இனத் தாக்குதல் என்றார். ரயன் பிறகு, தான் தெளிவாகப் பேசவில்லை என்று ஒப்புக்கொண்டார். அதை ஒட்டிக் கறுப்பின எழுத்தாளர் டா-நெஹிசி கோட்ஸும் பத்திரிகையாளர் ஜொனதன் சேட்டும் வாரக்கணக்கில் ஒருவருக்கொருவர் மறுத்து எழுதிக்கொண்டார்கள். இருவருமே குடியரசுக் கட்சிக்காரர்கள் இல்லை. ஒடுக்குமுறைதான் வேர், ஆனால் அது ஏழைகளிடம் ஒரு கலாச்சாரப் படிவை விட்டுச் சென்றிருக்கிறது, அதையும் பேச வேண்டும் என்றார் சேட். வறுமையில் பிறந்த பழக்கங்களையும் கறுப்பினக் கலாச்சாரத்தையும் ஒன்றாகக் குழப்புகிறீர்கள் என்றார் கோட்ஸ்.

இதில் என் சார்பை மறைக்க விரும்பவில்லை. நான் கோட்ஸ் பக்கம். காரணம் ஒரு படிவம்.

1930-களில், வீட்டுக் கடன்களுக்காக அமெரிக்க அரசு அமைத்த ஒரு கழகம் நகரம் நகரமாகப் பகுதிகளைத் தரம் பிரித்து வரைபடம் போட்டது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. ரிச்மண்ட் பல்கலைக்கழகம் அவற்றை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்க அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரைபடத்தோடு ஒவ்வொரு பகுதிக்கும் தட்டச்சு செய்த ஒரு விவரத்தாள் உண்டு. அதில் குடியிருப்போர் என்ற தலைப்பின் கீழ் வரிசையாகக் கட்டங்கள். தொழில், ஆண்டு வருமானம், வெளிநாட்டில் பிறந்த குடும்பங்கள். அடுத்து நீக்ரோ, உண்டா இல்லையா, எத்தனை விழுக்காடு. அடுத்த கட்டம் ‘ஊடுருவல்’, யாருடையது என்று நிரப்ப வேண்டும். அதற்கும் கீழே, அரசு உதவி பெறும் குடும்பங்கள். இனமும் வறுமையும் ஒரே தாளில், அடுத்தடுத்த கட்டங்களில், ஓர் அலுவலரின் தட்டச்சில். படையெடுப்புக்குச் சொல்லும் சொல்லைக் குடிவருகிற குடும்பத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். சிவப்புப் பட்ட பகுதியில் வங்கிக் கடன் கிடைப்பது அரிதாகிவிட்டது.

சிகாகோவில் வேலை பார்த்த ஆண்டுகளில் நார்த் லாண்டேல் வழியாகப் பலமுறை போயிருக்கிறேன். சாம்பல் கல்லில் கட்டிய அழகான பழைய வீடு ஒன்று, பக்கத்தில் புல் மண்டிய காலிமனை, மறுபடி ஒரு வீடு, மறுபடி இரண்டு காலிமனை. வங்கிக் கடன் கிடைக்காத கறுப்பினக் குடும்பங்கள் அங்கே தவணை ஒப்பந்தத்தில் வீடு வாங்கின. கடைசித் தவணை கட்டும்வரை வீடு அவர்களுடையது ஆகாது, நடுவில் தவறினால் கட்டியதெல்லாம் போச்சு. தவணைக்காக அப்பா இரண்டு வேலை, அம்மா ஒரு வேலை. பிள்ளை தெருவில். 1968-ல் அந்த மக்கள் சங்கம் வைத்துப் போராடினார்கள். அந்தப் பகுதி நம்பியிருந்த பெரிய முதலாளிகளைப் பற்றிச் சமூகவியலாளர் வில்லியம் ஜூலியஸ் வில்சன் எழுதியிருக்கிறார்: வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் ஹாதார்ன் ஆலையில் 43,000-க்கு மேல், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரில் 14,000, சியர்ஸ் தலைமையகத்தில் 10,000 பேர். 1960-களின் கடைசியிலிருந்து 1980-களுக்குள் மூன்றும் போய்விட்டன. இத்தனைக்கும் பிறகு அந்தத் தெருமுனையில் நிற்கும் பையனைப் பார்த்து வேலைக் கலாச்சாரம் இல்லை என்று ஒருவர் வானொலியில் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

வெள்ளை ஏழைகளை யாரும் இப்படிச் சொன்னதில்லையா என்றால், உண்டு. சார்ல்ஸ் மர்ரே என்ற வலதுசாரி எழுத்தாளர் 2012-ல் அவர்களைப் பற்றியும் இதே வாதத்தை வைத்தார். ஆனால் நடுவயது வெள்ளையர்களின் சாவு விகிதம் ஏறுவதை பொருளியலாளர்கள் ஆன் கேஸும் ஆங்கஸ் டீட்டனும் 2015-ல் காட்டியபின் அரசியல் பேச்சில் மேலே வந்த சொல் ‘நம்பிக்கையிழப்பு’. மாறாக, கொக்கெய்னின் புகைக்கும் வடிவமான கிராக் போதை கறுப்பினப் பகுதிகளில் பரவியபோது, 1986 சட்டத்தில், 5 கிராம் கிராக்குக்கும் 500 கிராம் கொக்கெய்ன் தூளுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை வைத்தார்கள். அந்த 100-க்கு 1 விகிதம் 18-க்கு 1 என்று இறங்க 2010 ஆயிற்று.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். என் முன்மொழிவு வறுமை வழக்காறு.

வழக்கு நடந்துசெல்லும் ஆறு, அதாவது வழி. தலைமுறையாக இறங்கி வருவது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. நாட்டார் வழக்காற்றியல் என்று ஒரு துறையே இருப்பதால் மானிடவியலுக்குப் பக்கத்துவீட்டுச் சொல். ஆறு திசை மாறும், சூழல் மாறினால் வழக்காறும் மாறும் என்பது லூயிஸ் சொன்ன தகவமைவுக்கும் பொருந்துகிறது. ‘வறுமை வழக்கு’ என்று சுருக்க வேண்டாம், நீதிமன்றத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

தங்கை கேட்ட வேறு இரண்டு சொற்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ‘இன்னர் சிட்டி’யை உள்நகரம் என்று எழுதாதீர்கள். நம் ஊரில் உள்ளே இருப்பது கோயில், தேர்வீதி, பெரிய வீடுகள். ஒதுக்கப்பட்டவர்கள் ஊருக்கு வெளியே. அமெரிக்காவிலோ கடனும் நெடுஞ்சாலையும் வெள்ளையர்களைப் புறநகருக்கு அழைத்துப்போன பிறகு ஏழைகள் நகர்நடுவில் மிஞ்சினார்கள். ‘நகர்நடு ஏழைப் பகுதிகள்’ நீளம்தான், ஆனால் தவறாகப் புரியாது. ‘டாக் விசில்’ என்பதற்கு யாரோ நாய்க்குழல் என்று எழுதியிருந்தார்கள். நம்மிடம் சாடை இருக்கிறதே! மருமகளுக்குக் கேட்கட்டும் என்று மாமியார் பூனையைத் திட்டுவது சாடைப் பேச்சு. பெயர் சொல்லாமல், உறைக்க வேண்டியவருக்கு உறைக்கும்படி. ரேகன் செய்தது சாடை அரசியல்.

அன்புடன்.

---

அன்புள்ள அண்ணனுக்கு,

சாடை அரசியலை அப்படியே எடுத்துக்கொண்டேன், நன்றி. வழக்காறு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். இந்தச் சண்டையே ‘கல்ச்சர்’ என்ற ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் வீசுவதால்தானே நடக்கிறது? ரயன் வாயிலும் அதே சொல், லூயிஸ் வாயிலும் அதே சொல். ரயனைத் தமிழில் ‘வழக்காறு சரிகிறது’ என்று பேசவைத்தால் அவர் சொன்னதன் கூர் மழுங்கிவிடுகிறது. அவருக்குக் கலாச்சாரம், லூயிஸுக்கு வழக்காறு என்று பிரித்தாலோ, இருவரும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள் என்று சேட் எப்படி நினைத்தார் என்பது தமிழ் வாசகருக்குப் புரியாமல் போகும். குழப்புகிறீர்கள் என்று கோட்ஸ் சொல்வதும் காற்றில் நிற்கும். குழப்பத்தை நாமே முன்கூட்டித் துடைத்துவிடுகிறோமே?

---

தங்கைக்கு,

நீங்கள் சொல்வது சரி. நான் சொல்லைத் தனியாக வைத்துப் பார்த்தேன், நீங்கள் வாக்கியத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு நாள் யோசித்தேன்.

தொடராக வரும் இடங்களில், தலைப்பிலும் ரயன், சேட் பேசும் இடங்களிலும் ‘வறுமைக் கலாச்சாரம்’ என்றே போடுங்கள். கலாச்சாரச் சீரழிவு என்று நம் மேடைகளிலும் திட்டுவதால், குற்றம் சாட்டும் தொனி தானாக வந்துவிடும். லூயிஸை முதலில் அறிமுகப்படுத்தும்போதும் அதே தொடர்தான், பிறப்பு அங்கே என்று தெரியவேண்டுமே. அவர் பட்டியலிட்ட அடகு, வட்டி, சில்லறைச் சாமான் போன்ற நடைமுறைகளைக் குறிக்கும்போது ‘வறுமையின் வழக்காறுகள்’. மேற்கு பால்டிமோர் தெருக்களில் தன்னைக் காப்பாற்றிய பழக்கங்கள் வேறு இடத்தில் தனக்கே தொல்லையானதைப் பற்றி கோட்ஸ் எழுதியிருக்கிறார், அங்கும் வழக்காறுதான். அப்படியானால் அவர் வாதத்தைச் சுருக்கிச் சொல்லும் இடம் தமிழில் இப்படி வரும்:

‘நீங்கள் வறுமைக் கலாச்சாரம் என்று சொல்வது வறுமையின் வழக்காறுகளை. அவற்றைக் கறுப்பினக் கலாச்சாரம் என்று எங்கள் தலையில் கட்டாதீர்கள்.’

இது அவர் வாக்கியம் இல்லை, நான் சுருக்கியது. மேற்கோள்குறி இல்லாமல் பயன்படுத்துங்கள். பேராசிரியர் ஐயாவுக்கு மறுப்பில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை குழுவின் சொற்பட்டியலில் வறுமை வழக்காறு, சாடை அரசியல் இரண்டையும் ஏற்றிவிடுகிறேன். ‘ரெட்லைனிங்’, அதாவது அந்தச் சிவப்பு வரைபடங்களைப் போலப் பகுதியைப் பார்த்துக் கடன் மறுப்பது, இன்னும் மிச்சம் இருக்கிறது. சிவப்புக்கோடிடல் என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், அதற்குத் தனி மடல் போடலாம்.